கரண்டுச் சட்டிக்குப் போடுற பை

சிங்கப்பூர்
22.3.2007

அன்பு அக்காவுக்கு,

தங்கச்சி செல்வி எழுதுறது. நான் நல்லாருக்கேன். நீயும் எழிலும் நேரத்துக்குச் சாப்பிடுறீகளான்னு கேட்டா அம்மாவும் மகளும் சேந்து பொய்தான் சொல்வீக, அதனால கேக்கல.

இந்த லெட்டரக் கொண்டு வர்றது இங்கன வேலை பாக்குற நம்ம மேலத்தெரு நாகையா அண்ணன். பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்கு வர்றாரு. அவரு கையில ஒரு அட்டைப்பெட்டி இருக்கும். உள்ள இருக்கிறது கரண்டுச் சட்டி. நான் வேலை பாக்குற வீட்டு மேடம் அமெரிக்காக்காரி. பெருசா வேற ஒண்ணு வாங்கிட்டாக, இத என்னைய எடுத்துக்கச் சொன்னாக. வெளிய தகரம், உள்ள பீங்கான், மேல கண்ணாடி மூடி. ஒடஞ்சிருந்தா அண்ணன்கிட்டச் சண்டைக்குப் போயிராத.

இதுல தீ கெடையாது. வெடியும் தீப்பெட்டியும் செய்யிற ஊர்க்காரிக்கு இது நம்ப முடியாதுதான். காலையில சாமானப் போட்டுத் தண்ணி ஊத்தி, முன்னால இருக்கிற திருக ஒண்ணாம் நம்பருல வச்சிட்டு நீ பாட்டுக்குப் போயிரலாம். சாயந்திரம் வரைக்கும் மெதுவா வேகும். பொங்காது, கிண்ட வேண்டாம், பக்கத்துல ஆள் வேண்டாம்.

கூட எட்டுப் பை வச்சிருக்கேன். சட்டிக்குள்ள மொதல்ல பைய விரிச்சு, வாயச் சட்டி விளிம்புல மடிச்சு விட்டுரு. அதுக்குள்ளதான் கொழம்பு. பிளாஸ்டிக்குன்னு பயப்படாத, உருகாது. சாப்பிட்டு முடிச்சதும் பையோட தூக்கிக் குப்பையில போட்டுரு. சட்டியக் கழுவுற வேலையே இல்ல. அதுல சமைச்ச அடையாளமே இருக்காது.

எழிலு மத்தியானம் மத்தியானம் அடுப்படியில கெடந்து கண்ணு எரிய ஊத வேண்டாம். அதுக்குத்தான் அனுப்புறேன். என் ஒப்பந்தம் அடுத்த வருசம் மாசியில முடியுது. வந்துருவேன். அதுவரைக்கும் என் பிள்ளைய இந்தச் சட்டி பாத்துக்கிடும்.

செல்வி


நாரணாபுரம்
29.4.2007

தங்கச்சி பாண்டிச்செல்விக்கு அக்கா வள்ளித்தாய் எழுதுறது.

நீ அனுப்புன சட்டி ஒடையாம வந்துச்சு. அதோட பின்னு நம்ம ஊரு ஓட்டையில போகல. நாகையாவே அத அறுத்துட்டு வேற பின்னு மாட்டிக் குடுத்தாரு. பக்கத்து வீட்டு அய்யம்மாள் மதினி பாக்க வந்தா. பொகையக் காணோம், சத்தத்தக் காணோம், இது வேகுதா இல்ல தூங்குதான்னு கேட்டா. அதுக்கு எழிலு, எங்க மாமா மாதிரின்னு வச்சுக்கங்க அத்தைன்னுட்டா. மதினி தன் வீட்டுக்காரருகிட்ட இன்னும் அதச் சொல்லல. இந்தக் கழுதைக்கு வாய் அம்புட்டு நீளம்.

பை விசயம். நீ பாட்டுக்குத் தூக்கிப் போடுன்னு எழுதிட்ட. திக்கா இருக்கு, ஒரு கிழிசல் இல்ல, எப்படித் தூக்கிப் போடுறது? சவுக்காரம் போட்டுக் கழுவி, கொடியில கிளிப்பு மாட்டிக் காயப் போட்டேன். எழிலு சிரிச்சுக்கிட்டே கெடந்தா. "யம்மா, சட்டியக் கழுவக் கூடாதுன்னு சித்தி பை அனுப்புச்சு, நீ பையக் கழுவுற. இனி பையக் கழுவாம இருக்கிறதுக்கு அதுக்குள்ள ஒரு குட்டிப் பை அனுப்பச் சொல்லி எழுது"ங்குறா. எழுதிட்டேன்.

இன்னொண்ணு. சட்டி வந்ததுல இருந்து மத்தியானம் அவளுக்கு அடுப்பு வேலை இல்ல. வீட்டுல ஒக்காந்து வெடிக்குக் காகிதக் குழாய் சுத்துறத விட்டுட்டு, வெடி செய்யிற பயர் ஆபீசுக்கே போறேங்குறா. அவ வயசு ஜோட்டுப் பிள்ளைக நாலு பேரு போறாளுக. ஆபீசு பஸ்ஸு காலையில தெருமுக்குக்கே வருது. சட்டியப் போட்டு விட்டுட்டுப் போனா சாயந்திரம் ரெண்டு பேருக்கும் சுடச்சுட இருக்கும்னு கணக்குச் சொல்றா. நானும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிருறேன், வீட்டுல அவ ஒத்தையில கெடந்து என்ன செய்யப் போறா. போகட்டும்னு விட்டுட்டேன்.

வள்ளித்தாய்


சிங்கப்பூர்
20.5.2007

அக்கா,

நீ பையக் கழுவிக் கொடியில போட்ட கதைய எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசுல மேடத்துக்கிட்டச் சொன்னேன். அவுக விழுந்து விழுந்து சிரிச்சாக. எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு, ஆனாலும் நானும் சிரிச்சேன். அது ஒரு தடவைக்குத்தான் அக்கா. அதுக்குப் போயி அருமை பாக்காத. தீந்துபோனா நான் அனுப்புறேன்.

எழிலு பயர் ஆபீசுக்குப் போறது எனக்கு அரை மனசு. பாக்கிங் ரூம்னா சரி, லேபிள் ஒட்டட்டும், பெட்டி கட்டட்டும். வெடிமருந்து அடைக்கிற ரூமுக்கு மட்டும் வேண்டாம். சீசன் சூடு பிடிச்சா ஆள் பத்தலேன்னு பாக்கிங் பிள்ளைகளத்தான் கூப்பிடுவாக. என் கூடப் படிச்ச சொர்ணலட்சுமிய அப்படித்தான் கூப்பிட்டாக. அவ கை இப்ப எப்படி இருக்குன்னு உனக்குத் தெரியும்.

பாக்கிங்தான்னு ஒரு வரி பதில் போடு. அது போதும் எனக்கு.

செல்வி


நாரணாபுரம்
16.9.2007

செல்விக்கு,

நீ போட்ட மூணு லெட்டரும் வந்துச்சு. இன்னைக்குத்தான் பிரிச்சேன். கடை போனுக்கு வரச் சொல்லியிருக்க. வர மாட்டேன். உன் குரலக் கேட்டா எனக்கு என்ன ஆகும்னு தெரியல. ஒண்ணும் ஆகலேன்னா அது அதவிட மோசம்.

எழிலு போயி இன்னையோட முப்பது நாள் ஆச்சு.

நடந்தத எழுதச் சொல்லியிருக்க. வெள்ளிக்கிழமை பதினோரு மணி இருக்கும், சத்தம் கேட்டுச்சு. நம்ம ஊருல சத்தம் கேட்டா எல்லாரும் வெளிய வந்து எந்தப் பக்கம் பொகைன்னு பாப்பாகள்ல, அதே மாதிரி நானும் தீப்பெட்டி ஆபீசு வாசல்ல நின்னு பாத்தேன். மருந்து ரூம் ஒண்ணுதான் போச்சு. உள்ள நாலு பேரு. அதுல அவ ஒருத்தி. வெள்ளைத் துணியில சுத்தித்தான் குடுத்தாக. மொகத்தப் பாக்க வேண்டாம்னாக. சரின்னேன். அன்னைக்கு யாரு என்ன சொன்னாலும் சரின்னேன்.

சாவு வீட்டுல அடுப்பு பத்தக் கூடாதுல்ல. அய்யம்மாள் மதினிதான் வந்து தண்ணியத் தெளிச்சு அடுப்ப அணைச்சா. பானையில கெடந்த பழைய சோத்த வெளிய கொட்டி, பானையக் கவுத்திப் போட்டா. ஆக்குனது ஒண்ணும் வீட்டுல இருக்கக் கூடாதுன்னு அடுக்கடுக்காப் பாத்துச் செஞ்சா. வந்தவுகளுக்குச் சோறு அக்கம்பக்கத்துல இருந்து வந்துச்சு.

மூலையில கரண்டுச் சட்டி இருந்தது யாருக்கும் ஞாபகம் வரல. அத அடுப்புன்னு யாரும் நெனைக்கல. பொகையில்ல, சத்தமில்ல. யாரோ அது மேல துண்டு ஒண்ண மடிச்சு வச்சிருந்தாக. பிள்ளையத் தூக்கிட்டுப் போகும்போதும் அது வெந்துக்கிட்டுத்தான் இருந்திருக்கு. கரண்டு போயிருக்கும், வந்திருக்கும், திரும்ப வெந்திருக்கும்.

ஞாயித்துக்கெழமை கருகல் வாடை வந்துச்சு. பொம்பளைக எல்லாம் அடுப்படிக்கு ஓடினாக. அடுப்பு சில்லுன்னு கெடந்துச்சு. எவ வீட்டுலயோ அடிப்பிடிக்குது பாருன்னு தெருவப் பாத்துச் சத்தம் போட்டாக. நான்தான் எந்திரிச்சுப் போயித் துண்ட எடுத்தேன்.

திருகு ஒண்ணுல இருந்துச்சு. காலையில அவ வச்சது. நான் அணைச்சேன்.

வள்ளித்தாய்


சிங்கப்பூர்
4.10.2007

அக்கா,

உன் லெட்டர ஏழெட்டுத் தடவை படிச்சிட்டேன். இந்த வீட்டுல எனக்குன்னு கதவச் சாத்திக்கிட்டு ஒக்கார கக்கூசு மட்டும்தான் இருக்கு. அங்கன ஒக்காந்துதான் படிச்சேன். குழாயத் தொறந்து விட்டுக்கிட்டேன்.

சித்திக்காரி வரல பாருன்னு ஊரு பேசும். நீயும் மனசுக்குள்ள பேசியிருப்ப. மேடம், நீ போயிட்டு வான்னுதான் சொன்னாக. ஏஜெண்டுதான், ஒப்பந்தம் முடியாமப் போனா திரும்ப உள்ள விட மாட்டாகன்னான். நான் யோசிச்சேன் அக்கா. யோசிச்சிருக்கக் கூடாது. யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள அங்கன எல்லாத்தையும் முடிச்சிட்டாகன்னு நாகையா அண்ணன் வந்து சொல்லிட்டாரு.

அந்தச் சட்டிக்குள்ள என்ன இருந்துச்சு? அவ கடைசியா என்ன வச்சிட்டுப் போனா? அதையாவது எழுது. அப்புறம் அந்தப் பைய எடுத்துப் போட்டுட்டியா? போட்டுரு. வீட்டுல வச்சிருக்காத, பூச்சி வரும், உனக்கு நோவு வரும். அப்படியே வாயப் பிடிச்சுத் தூக்குனா வந்துரும். அதுக்குத்தான அந்தப் பை. நேரத்துக்குச் சாப்பிடு.

கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். முடியல. பாக்கிங்தானேன்னு ஒரு வரி எழுதச் சொல்லிக் கேட்டேன். நீ எழுதல. அவ மருந்து ரூமுக்கு எப்பப் போனா? யாரு அவள அங்க போகச் சொன்னது?

செல்வி


நாரணாபுரம்
28.10.2007

செல்விக்கு,

உள்ள இருந்தது மொச்சைக் கொழம்பு. முந்தின நாளே ஊறப் போட்டிருந்தா. கத்தரிக்காயும் போட்டிருக்கா, காம்பு தெரியுது. இப்ப எல்லாம் கறுத்துக் கல்லாக் கெடக்கு. பூச்சி வரல. எறும்பு கூட வரல. பை உருகல, நீ சொன்னது சரிதான்.

தூக்குனா என்ன இருக்கும்னு பாக்க ஒரு நாள் பையோட ஓரத்த லேசா விலக்கிப் பாத்தேன். அடியில சட்டி வெள்ளை வெளேர்னு இருக்கு. நேத்துக் கடையில வாங்குன மாதிரி இருக்கு. மண்சட்டியா இருந்தா அவ வச்ச கொழம்பு ருசி ஏறியிருக்கும். அலுமினியச் சட்டின்னா அடிப்பிடிச்ச கறையாச்சும் இருக்கும். இதுல நாலு மாசமா சமைச்சிருக்கா, ஒரு பொட்டு ஒட்டல. பைய எடுத்துட்டா அவ சமைக்கவே இல்லேன்னு ஆகிப்போகும். தூக்கிப் போடுறதுக்குன்னே செஞ்ச பைதான். தெரியுது. இருந்துட்டுப் போகட்டும்.

சாப்பிடுறேன். அய்யம்மாள் மதினி குடுக்கா. அடுப்ப நான் பத்த வைக்கல. தீப்பெட்டி ஆபீசுக்குப் போறேன், நாள் முழுக்கக் குச்சி அடைக்கேன். ஒரு குச்சிய உரச முடியல.

போன வாரம் சூலக்கரைக்குக் கூப்பிட்டாக, கலெக்டர் ஆபீசுக்கு. ஒரு தம்பி பாரத்த வச்சுக்கிட்டு, இறந்தவுகளுக்கு வாரிசு யாருன்னு கேட்டாரு. நான்தான்னேன். எழுதிக்கிட்டாரு. அவருக்கும் ஒண்ணும் தோணல, எனக்கும் ஒண்ணும் தோணல. பஸ்ஸுல வரும்போது ஆமத்தூர் கிட்ட வந்தப்புறம்தான் தோணுச்சு, இது தலைகீழா இருக்கேன்னு. எறங்கி என்னத்தச் சொல்ல. வந்துட்டேன்.

யாரு போகச் சொன்னதுன்னு கேட்டிருக்க. சட்டிய அனுப்புனது யாரு? சட்டி வரலேன்னா மத்தியானம் அவ அடுப்படியில இருந்திருப்பா. கண்ணு எரிஞ்சிருக்கும். எரிஞ்சா என்ன. இந்தச் சட்டியும் பையும் இல்லாமத்தான் பத்தொம்பது வருசம் வளத்தேன். சமைக்க ஆள் வேண்டாம், நீ பாட்டுக்குப் போன்னு எழுதுனவ நீ. போயிட்டா.

மாசிக்கு வர்றேன்னு எழுதியிருந்த. இங்க யாரு இருக்கா நீ வந்து பாக்க. வர வேண்டாம்.

வள்ளித்தாய்


சிங்கப்பூர்
9.12.2007

வள்ளித்தாய் அக்காவுக்கு,

ஒன்றரை மாசமா பதில் எழுதல. என்ன எழுதன்னு தெரியல. நீ சொன்னத நாகையா அண்ணன் வந்து சாவுச் சேதி சொன்ன அன்னைக்கே நான் நெனச்சேன். நீ எழுதி எனக்குப் புதுசாத் தெரியல. உன் கையெழுத்துல பாத்தப்பதான் அது நிசமாயிருச்சு.

எழிலு நடக்கப் பழகினது என் வெரலப் பிடிச்சு. அத உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஆனாலும் எழுதி வைக்கேன்.

இங்கன தினமும் சட்டிக்குள்ள ஒரு பைய விரிக்கேன், ராத்திரி ஒரு பையத் தூக்கிப் போடுறேன். போன வாரம் ஒரு நாள் போட முடியல. கழுவி பால்கனிக் கம்பியில தொங்க விட்டுட்டேன். மேடம் பாத்தாக. இந்தத் தடவை சிரிக்கல. கிட்ட வந்து நின்னாக, பெறகு போயிட்டாக.

அவுக இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாக. பிப்ரவரி பத்தாம் தேதிக்குள்ள சொல்லணும். என் மொகத்துல முழிக்க உனக்கு மனசில்லேன்னா போட்டுருறேன். வான்னா வந்துருறேன். லெட்டர் வரலேன்னா வேண்டாம்னு எடுத்துக்கிடுறேன். நீ எழுதாம விட்டா அதுக்கு என்ன அர்த்தம்னு நானே எடுத்துக்கப் பழகிட்டேன்.

உடம்பப் பாத்துக்க.

பாண்டிச்செல்வி


நாரணாபுரம்
20.1.2008

செல்வி,

இந்த லெட்டர் பத்தாம் தேதிக்குள்ள உன் கையில கெடைக்கணும்னு சிவகாசிக்கே பஸ் ஏறிப் போயி பெரிய போஸ்டாபீசுல போடப் போறேன். நடுவுல நிறுத்தாம எழுதிருறேன். நிறுத்துனா எழுத மாட்டேன்.

பாக்கிங்தானேன்னு நீ கேட்ட லெட்டர் வந்தப்ப அவ பாக்கிங்லதான் இருந்தா. சாவகாசமா எழுதுவோம்னு விட்டுட்டேன். ஆடி பிறந்ததும் அவள மருந்து ரூமுக்கு வரச் சொல்லியிருக்காக. சாயந்திரம் பஸ்ஸ விட்டு எறங்கி வந்து எங்கிட்டக் கேட்டா. "யம்மா, மருந்து ரூமுக்குக் கூப்பிடுறாக. சித்தி வேண்டாம்னு எழுதியிருக்கு. போகவா?" அவ கேட்டது இம்புட்டுத்தான். நான் அந்தப் பையக் கழுவிக்கிட்டு இருந்தேன். தலையத் தூக்கல. சித்தி சிங்கப்பூர்ல இருந்துக்கிட்டு ஆயிரம் எழுதும், சீசன் வரைக்கும்தானே, போன்னேன். அவ நின்னுக்கிட்டே இருந்தா. இன்னொரு தடவை கேப்பான்னு நெனச்சேன். கேக்கல. பைய என் கையில இருந்து வாங்கிக் கொடியில போட்டா.

அதுக்கப்புறம் உனக்கு என்னன்னு பதில் எழுத? மருந்து ரூம்னு எழுதுனா நீ திட்டுவ. பாக்கிங்னு எழுத எனக்குக் கை வரல. அதான் எழுதல. அவள சட்டி போகச் சொல்லல. நீ சொல்லல. நான் சொன்னேன். உன் மேல போட்டா எனக்குக் கொஞ்சம் கொறையும்னு பாத்தேன். கொறையல.

இந்த வருசம் நமக்குப் பொங்கல் கெடையாதுல்ல. அய்யம்மாள் மதினி பச்ச மொச்சைய மடியில கட்டிக்கிட்டு வந்து வாசல்ல வச்சிட்டு, திங்கிறதுன்னா தின்னு, இல்லேன்னா ஆட்டுக்குப் போடுன்னுட்டுப் போனா. ரெண்டு நாள் கெடந்துச்சு. மூணாம் நாள் உரிச்சேன். உரிச்சப்புறம் வேக வைக்கணும். அடுப்பு பத்த வைக்க முடியாது. அப்பதான் சட்டியப் பாத்தேன்.

அவ வச்ச பையத் தூக்கினேன். நீ சொன்ன மாதிரி வாயப் பிடிச்சதும் வந்துருச்சு. கனமே இல்ல. சணல் போட்டுக் கட்டி அவ துணிப்பெட்டி மேல வச்சிருக்கேன். கழுவி மடிச்ச பை ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. எடுத்தேன். கொஞ்ச நேரம் கையில வச்சிருந்தேன். திரும்ப அதே எடத்துல வச்சிட்டேன். வெறுஞ்சட்டியிலயே மொச்சையப் போட்டேன். திருகுல கை வைக்கும்போது அது, அவ ஒண்ணுல வச்சிருந்தத நான் அணைச்சு விட்ட எடத்துலயே இருந்துச்சு. திருகினேன்.

எனக்கு அந்தச் சட்டியோட பக்குவம் தெரியாது, எல்லாம் அவதான செஞ்சா. தண்ணி பத்தல. நான் ஆபீசுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள அடிப்பிடிச்சிருச்சு. மேலாக்க இருந்தத எடுத்துத் தின்னேன். உப்பும் இல்ல. மிச்சத்த ஊறப் போட்டு, தேங்கா நாரும் சவுக்காரமும் வச்சுத் தேய்ச்சேன். நெடுநேரம் தேய்ச்சேன். தெருவுல எல்லாரும் அழுதியா அழுதியான்னு கேக்காக. அப்பவும் அழுகை வரல. கை வலிச்சுச்சு. இந்த அஞ்சு மாசத்துல எனக்கு ஒரு எடம் வலிச்சது அன்னைக்குத்தான். அடியில கறுப்பா ஒரு வட்டம் மட்டும் போக மாட்டேங்குது. அது இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

கையெழுத்துப் போடாத. வா. பெட்டி மேல இருக்கிறத என்ன செய்யிறதுன்னு நீ வந்து பாத்துச் சொல்லு. ஒத்தையில முடிவு பண்ண எனக்கு உரிமை இல்ல, அவ உன் வெரலப் பிடிச்சுத்தான் நடந்தா.

வரும்போது பை வாங்கிட்டு வராத. ஒட்டட்டும். தேய்க்கிறதுக்கு ரெண்டு பேரு இருப்போம்.

அக்கா
வள்ளித்தாய்